கமர்ஷியல் தெருவுக்கும் கூட்டிப்போங்கள்

பாஸ்டனின் நார்த் எண்ட், இத்தாலியர்கள் கப்பலிறங்கிக் குடியேறிய பழைய பேட்டை. இந்த வாரம் அங்கே ஹனோவர் தெருவில் ஒரு சாப்பாட்டுச் சுற்றுலாவில் நடந்தேன். கனோலி கேட்ட பிறகுதான் மொறுமொறு குழலுக்குள் இனிப்பு ரிக்கோட்டாவைப் பிழிந்து கொடுக்கிறார்கள். முன்னாலேயே நிரப்பினால் நமுத்துவிடும். கடித்தேன், சட்டையெல்லாம் பொடிச் சர்க்கரை. அபார ருசி. ஆனாலும் கோபத்தோடுதான் திரும்பினேன்.

ஊரின் துயரத்தை ஒளித்துவைக்கும் வழிகாட்டிகள் மேல் எனக்குள்ள ஆத்திரம் இந்தப் பத்தியின் வாசகர்களுக்குப் பழகியதுதான். காலை முழுக்க இனிப்பைப் பற்றியே பேசிய எங்கள் வழிகாட்டி, அந்தப் பேட்டையில் ஆளைக் கொன்ற இனிப்பைப் பற்றி வாயே திறக்கவில்லை.

அந்தக் கதையைச் சொல்லும் ஸ்டீபன் புலியோவின் 'டார்க் டைட்' புத்தகத்தைப் படியுங்கள் என்று முன்பும் கெஞ்சியிருக்கிறேன். 1919 ஜனவரி 15, நண்பகல் தாண்டிய நேரம். கமர்ஷியல் தெருவில் 50 அடி உயர இரும்புத் தொட்டி வெடித்தது. உள்ளே இருந்தது 23 லட்சம் காலன் மொலாசஸ், சாராயம் காய்ச்சுவதற்கான சர்க்கரைப்பாகு. முதல் உலகப் போரில் வெடிமருந்து செய்ய அந்தச் சாராயம் தேவைப்பட்டது. வீடு, குதிரை, மனிதர் என்று எதையும் பாகு விடவில்லை. 21 பேர் இறந்தார்கள்.

தொட்டி கட்டிய நாளிலிருந்தே ஒழுகியது. ஒழுகியதைப் பிள்ளைகள் பாத்திரத்தில் பிடித்துப் போனார்கள். தொட்டியை வைத்திருந்த கம்பெனி என்ன செய்தது தெரியுமா? ஒழுகல் தெரியாதபடி தொட்டிக்குப் பழுப்பு வண்ணம் அடித்தது! கட்டுமானத்தை மேற்பார்த்தவருக்கு வரைபடம் படிக்கத் தெரியாது. தண்ணீர் நிரப்பி முறையாகச் சோதிக்கவும் இல்லை. அக்கம்பக்கத்தில் இருந்தவர்களில் பெரும்பாலோர் குடியுரிமை இல்லாத, ஓட்டில்லாத இத்தாலியர். தட்டிக் கேட்க ஆளில்லை என்கிறார் புலியோ. வழக்கு வந்ததும், அராஜகவாதிகள் குண்டு வைத்தார்கள் என்று கம்பெனி சாதித்தது. அந்தக் காலத்து பாஸ்டனில் அராஜகவாதி என்றாலே இத்தாலியன்தான். விசாரித்த ஹியூ ஆக்டன் அதை ஏற்கவில்லை, 1925-இல் கம்பெனியின் குற்றம்தான் என்று முடிவு சொன்னார்.

ஹனோவர் தெருவிலிருந்து தொட்டி இருந்த இடம் பொடிநடைத் தூரம். சின்னப் பலகை ஒன்று வைத்திருக்கிறார்கள். ஒரு கடையைக் குறைத்துக்கொண்டாவது கூட்டத்தை அங்கே நிறுத்தி, இறந்தவர்களில் 10 வயதுக் குழந்தைகள் இருவர் இருந்ததை வழிகாட்டி சொல்லட்டும்.