படிக்காமல் போடும் கையெழுத்து

திருவனந்தபுரத்தில் வேலை பார்க்கும் தமிழர் ஒருவர் பத்து, இருபது வருஷம் வாடகை வீட்டில் காலம் தள்ளிய பிறகு, பிராவிடண்ட் பண்ட் பணம், மனைவியின் நகை, கூட்டுறவுச் சங்கக் கடன் எல்லாவற்றையும் திரட்டிக்கொண்டு நேமத்திலோ பாப்பனங்கோட்டிலோ ஐந்து சென்ட் இடத்துடன் சிறு வீடு ஒன்று வாங்க முற்படுகிறார். அவர் வாழ்நாளில் போடும் மிகப் பெரிய கையெழுத்து அதுவே. அதை அவர் தமக்குப் படிக்கத் தெரியாத எழுத்தின் கீழ் போட நேர்வதுதான் வேதனைக்குரியது.

சாலைக் கடைத் தெருவில் மலையாளம் சரளமாகப் பேசுகிறவர்கள்கூடப் பத்திர மலையாளத்தில் தடுமாறுவார்கள். இரு மொழிகளும் உடன்பிறந்தவை என்பதால் ஆபத்து குறையவில்லை; கூடியிருக்கிறது. தமிழில் ஆதாரம் என்றால் சான்று; இங்கே கிரயப் பத்திரத்துக்கே ஆதாரம் என்று பெயர். போக்குவரவு என்பது பஸ், லாரி விஷயம் அன்று. வில்லேஜ் ஆபீசில் செய்யும் பெயர் மாற்றம். கரம் என்பது நிலவரி. எல்லாவற்றிலும் பொல்லாத சொல் 'நிலம்'. தமிழருக்கு எந்த மண்ணும் நிலம்தான். கேரள வருவாய்ப் பதிவேட்டில் 'நிலம்' என்று எழுதியிருந்தால் அது நெல்வயல். வீட்டுக்கு ஏற்ற மேட்டு இடம் 'புரயிடம்'. 2008-ஆம் ஆண்டின் நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டம் வயலை மண் போட்டு நிரப்புவதைத் தடுக்கிறது. தரவு வங்கிப் பட்டியலில் சேராத வயலின் தன்மையை மாற்ற 2018-ஆம் ஆண்டுத் திருத்தம் வழி வகுத்தாலும், அதற்கு விண்ணப்பமும் அனுமதியும் வேண்டும். கண்ணுக்கு மேடாகத் தென்னை நிற்கும் இடம் ஏட்டில் வயலாக இருந்தால், கட்டட அனுமதிக்கு அலைய வேண்டியவர் வாங்கியவரே. முன்பணம் கொடுக்கும் முன் வில்லேஜ் ஆபீசில் இந்த ஒரு சொல்லை விசாரித்துக் கொண்டாலே பாதி வினை தீரும்.

இங்கிலாந்தில் வீடு வாங்குபவருக்கு ஒரு சொலிசிட்டர், விற்பவருக்கு ஒரு சொலிசிட்டர் என்று தனித்தனியே அமர்த்திக் கொள்வது வழக்கம். இங்கே தரகர் அழைத்து வரும் ஆதாரம் எழுத்தர் ஒருவரே இரு தரப்புக்கும் எழுதிவிடுகிறார். லைசென்சு பெற்ற எழுத்தர்களின் அனுபவத்தைக் குறை கூறுவதற்கில்லை. ஆனால் பத்திரம் எழுதுவது அவர்கள் தொழில். விற்பவரின் பாத்தியதைக்கு அவர்கள் ஜாமீன் அல்லர். வங்கி வக்கீல் பார்த்துவிட்டாரே என்று சிலர் நிம்மதி அடைகிறார்கள். அவர் பார்ப்பது வங்கியின் பணத்துக்காக. வாங்குபவர் தமக்கென ஒரு வக்கீலை வைத்து முன் ஆதாரங்களைப் பார்க்கச் செய்வது வீண் செலவாகாது.

அந்த வக்கீல் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, கையெழுத்திட வேண்டியவர்கள் அனைவரும் கையெழுத்திடுகிறார்களா என்பது. பழைய திருவிதாங்கூர்ச் சொத்துகளில் இதுவே பெரிய சிக்கல். இந்துக் கூட்டுக் குடும்ப முறையைக் கேரளம் 1975-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழித்தது. அது 1976 டிசம்பர் 1-ஆம் தேதி அமலுக்கு வந்து, கூட்டுச் சொத்தைத் தனித்தனிப் பங்காக்கிற்று. மூத்தவர் ஒருவர் கையெழுத்துப் போட்டால் மற்றவர்கள் பங்கு கைமாறாது. சிரியன் கிறிஸ்தவக் குடும்பங்களில், 1916-ஆம் ஆண்டின் திருவிதாங்கூர் வாரிசுச் சட்டம் மகளுக்கு மகன் பங்கில் கால் பாகம் அல்லது ஐயாயிரம் ரூபாய், இதில் எது குறைவோ அதையே தந்தது. மேரி ராய் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு 1986-இல் அளித்த தீர்ப்பு, 1951-லிருந்தே அச்சட்டம் செல்லாது என்று கூறி மகளுக்குச் சம பங்கு உண்டென்று நிலைநாட்டியது. எனவே சகோதரர்கள் மட்டும் ஒப்பமிட்ட முன் ஆதாரத்தைக் கண்டால், சகோதரிகள் எங்கே என்று கேட்பது வம்பு அன்று, விவேகம். மைனர் பங்கு இருந்தால் கோர்ட்டு அனுமதி உண்டா என்றும் பார்க்க வேண்டும்.

அடுத்தது வில்லங்கம். சப்-ரிஜிஸ்திரார் ஆபீஸ் தரும் சான்றிதழ், பதிவான நடவடிக்கைகளை மட்டுமே காட்டும். மூல ஆதாரத்தை வங்கியில் ஒப்படைத்து வாங்கிய கடன் அதில் இல்லாமலே போகலாம். போட்டோ காப்பியை நம்பாமல் அசல் எங்கே என்று கேட்பது அதனால்தான். பொது அதிகாரப் பத்திரத்தை மட்டும் காட்டி வீட்டைக் கைமாற்றுவது உரிமை மாற்றம் ஆகாது என்று சுப்ரீம் கோர்ட்டு 2011-இல் தெளிவாகவே கூறிவிட்டது.

முன்பணம் கொடுத்து எழுதும் கராரும் உரிமை தராது. 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டப்படி, அது கிரயம் செய்து தரக் கோரும் உரிமையே. விற்பவர் மறுத்தால், குறித்த தேதியிலிருந்து மூன்று வருஷத்துக்குள் வழக்குத் தொடர வேண்டும். ஆகவே விலை, முன்பணம், கெடு, பழைய கடனை யார் தீர்ப்பது, அளந்து குறைந்தால் என்ன செய்வது ஆகியவை கராரிலேயே இருக்கட்டும். ஆதாரத்தில் விஸ்தீரணம் ஆர் கணக்கில் வரும். ஐந்து சென்ட் என்பது 2.02 ஆர். ஏட்டை நம்பாமல் சர்வேயரைக் கொண்டு அளப்பது நல்லது.

கேரளத்தில் முத்திரைக் கட்டணம் நூற்றுக்கு 8, பதிவுக் கட்டணம் 2. ஆக லட்சத்துக்குப் பத்தாயிரம். இதற்கு அஞ்சி விலையைக் குறைத்து எழுதச் சொல்பவர்கள் உண்டு. நாளை கிரயம் ரத்தாகிப் பணத்தைத் திரும்பக் கேட்க நேர்ந்தால், எழுதிய தொகைக்கு மேல் கொடுத்ததை நிரூபிப்பது கடினம். பதிவு முடிந்ததும் போக்குவரவு செய்து தம் பெயரில் கரம் கட்ட வேண்டும். ஆனால் கர ரசீது அனுபோகத்துக்குத் துணை நிற்குமே தவிர, உரிமை மூலம் ஆகாது. ரசீதை மட்டும் காட்டி விற்க வருபவரிடம் எச்சரிக்கை தேவை.

வாங்குபவரின் ஜாக்கிரதையோடு விஷயம் முடிந்துவிடவில்லை. 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும் தம் மொழியிலேயே எழுதவும், அதே மொழியில் பதில் பெறவும் உரிமை தந்திருக்கிறது. மொழிச் சிறுபான்மைப் பகுதி என்று அறிவித்த இடங்களில் உள்ளூர் ஆபீசுகளிலும் அவ்வாறே. கடிதத்துக்கு உள்ள மதிப்பு ஒரு குடும்பத்தின் வீட்டுக்கும் இருக்க வேண்டாமா? ஆதாரத்தைத் தமிழில் எழுத வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. சர்வே எண், வகை, அளவு, தொகை, எல்லைகள், வில்லங்க உறுதி ஆகியவை அடங்கிய ஒரு பக்கச் சுருக்கத்தைத் தமிழில் தரப் பதிவுத் துறை ஏற்பாடு செய்தால் போதும். தலைநகரில் தமிழர் மிகுந்த பகுதிகளுக்குரிய பதிவு ஆபீசுகளிலிருந்து இதைத் தொடங்கலாம். சர்க்காருக்கு ஆகும் செலவு அற்பமே.

அதுவரை, மலையாளம் படிக்கத் தெரிந்த, தரகரோடு தொடர்பில்லாத நம்பகமான ஒருவரை அழைத்துச் சென்று, ஆதாரத்தை வரி வரியாக வாசிக்கக் கேட்டுப் பொருள் விளங்கிய பிறகே தமிழர்கள் பேனாவை எடுக்க வேண்டும். எழுத்தர் அவசரப்படுத்தினாலும் சரி, தரகர் முகம் சுளித்தாலும் சரி, ஒரு மணி நேரத் தாமதத்தால் நஷ்டம் ஒன்றும் இல்லை. அவசரத்தில் போட்ட கையெழுத்தை அழிக்கப் பல வருஷம் கோர்ட்டு வாசலில் நிற்க வேண்டிவரும்.