தோட்ட வேலிகளில் மடியும் காட்டுயிர்கள் தொடர்பான கோரிக்கை மனு

பெறுநர்: மாவட்டச் செயலாளர், யாழ்ப்பாணம்.
பிரதிகள்: வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களம், கமநல அபிவிருத்தித் திணைக்களம், மின் விநியோக அதிகாரிகள்.
அனுப்புநர்: தென்மராட்சி, வடமராட்சி கிழக்குக் கமக்காரர் அமைப்பு.

மதிப்புக்குரிய ஐயா / அம்மணி,

மரவள்ளியும் கச்சானும் நெல்லும் செய்யும் கமக்காரர் நாங்கள். கீழே சொல்லப்படும் வேலிகளை அடைத்தவர்களும் நாங்களே. அந்த வேலிகளை மாற்ற உதவி கேட்டே இம்மனுவைத் தருகிறோம்.

எங்கள் பாட்டன்மார் கிளுவையும் பூவரசும் நட்டுப் பனையோலை வரிந்த வேலிக்குள்ளால் உடும்பும் சாரைப்பாம்பும் தடையின்றிப் போய்வந்தன. இன்று அங்கே முட்கம்பியும் மீன்பிடித் தொழிலுக்கு உதவாத பழைய தங்கூசி (நைலோன் நூல்) வலையும் நிற்கின்றன. தங்கூசி கண்ணுக்குத் தெரியாது. திமிறத் திமிற இறுகும். நூல் உடலை அறுக்க, சாரை வெயிலில் கிடந்து காய்ந்து சாகிறது. எலியைத் தின்று எங்கள் வயலைக் காத்த பாம்பு அது. மயிலும் காலில் வலை சுற்றிக் கிடக்கிறது.

இதைவிடக் கொடியது, பன்றிக்கென்று வீட்டு மின்சாரத்தை நேரே கம்பியில் விடுவது. முறையான மின்வேலிக் கருவி விட்டுவிட்டுக் கணநேரத் துடிப்பாகவே மின்னை அனுப்பும். விலங்கு அதிர்ந்து விலகிவிடும். 230 வோல்ட் வீட்டு மின்சாரமோ தசையை இறுக்கி, பிடித்த பிடியை விடாது. நரிக்கும் முள்ளம்பன்றிக்கும் மட்டுமல்ல, இருட்டில் தண்ணீர் மாறப் போகும் மனிதருக்கும் அது எமன்தான்.

2023இல் நாட்டில் 480க்கும் மேற்பட்ட யானைகள் இறந்தன. அவற்றுள் பல மின்சாரம் தாக்கி மாண்டன. யானை இறந்தால் நாடு அறிகிறது. எங்கள் வேலிகளில் மடியும் சிற்றுயிர்களுக்குப் பதிவேடே இல்லை. 2025 மார்ச் 15ஆம் திகதி காலை 8.00 முதல் 8.05 வரை குரங்கையும் மயிலையும் நாடு முழுக்க எண்ண முடிந்ததென்றால், வேலியில் சாவனவற்றையும் கிராம அலுவலர் மூலம் எண்ணலாம். அந்தப் பதிவை உடனே தொடங்குமாறு கேட்கிறோம்.

சூரிய சக்தியில் இயங்கும் அங்கீகரிக்கப்பட்ட மின்வேலிக் கருவிகளை, கமநல சேவை நிலையங்கள் வழியாக மானிய விலையில் தாருங்கள். சுண்டிக்குளம் தேசிய பூங்காவை அண்டிய தோட்டங்களுக்கு முதலிடம் வேண்டும். 2015இல் பூங்கா பிரகடனமானது, ஆனால் பன்றிக்கு அதன் எல்லை தெரியாது. கருவி கைக்கு வந்தபின், நேரடி இணைப்புகளை அகற்ற ஒரு மாத அவகாசம் கொடுத்து, அதற்குப் பின்னும் வைத்திருப்போர்மீது சட்டப்படி நடவடிக்கை எடுங்கள். எங்கள் அங்கத்தவருக்கும் விலக்கு வேண்டாம்.

பழைய வலைகளைக் கரையிலேயே சேகரிக்க மீனவர் சங்கங்களோடு ஏற்பாடு செய்யுங்கள். வலைக்குப் பதிலாகக் கிளுவைக் கதியால்களை நாங்களே வெட்டித் தருவோம்; நடுவதற்கான கூலியில் பாதியைத் தந்தால் போதும். சிக்கிய விலங்கை விடுவிக்க, இரவிலும் வரக்கூடிய மிருக வைத்தியர் ஒருவரைக் குடாநாட்டுக்குள் அமர்த்துங்கள். வலையை அறுக்கக் கத்தியோடு நாங்கள் நிற்போம்; காயத்துக்கு மருந்திட எங்களுக்குத் தெரியாது.

மாரிப் பயிர்ச்செய்கைக்கு வேலி அடைக்குமுன் எம்மைச் சந்திக்க ஒரு நாள் தருமாறு வேண்டுகிறோம்.

இவ்வண்ணம்,
தலைவர், செயலாளர், பொருளாளர்