‘சமத்தாக இருந்தான்’ என்பது போதாது

மாலையில் காப்பகத்தின் வாசலில் குழந்தையைப் பெற்றுக்கொள்ளும் பெற்றோர் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்வி: “இன்று எப்படி இருந்தான்?” விடையும் பெரும்பாலும் ஒன்றே: “சமத்தாக இருந்தான்.” கேட்டவருக்கும் நிறைவு, சொன்னவருக்கும் நிறைவு. அச்சொல்லில் அன்பு உண்டு, செய்தி இல்லை.

அந்தக் குறை எங்களுக்குத் தெரியவருவது இரவு ஒன்பது மணிக்கு மேல், அவசரச் சிகிச்சைப் பிரிவில். இரண்டு வயதுக் குழந்தை வாந்தி எடுக்கிறது. கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தது, பகலில் எத்தனை முறை பேதி போயிற்று, காய்ச்சல் மருந்து எத்தனை மணிக்குக் கொடுக்கப்பட்டது என்று கேட்கிறோம். தாய் தந்தையின் முகத்தைப் பார்க்கிறார். தந்தை காப்பகத்தைத் தொலைபேசியில் அழைக்கிறார். அந்நேரத்தில் எடுப்பார் இல்லை. அன்று காலை காப்பகத்திலிருந்து வந்த படம் மட்டும் அவருடைய கைப்பேசியில் இருக்கிறது: வண்ணம் தோய்ந்த இரு கைகளையும் காட்டிக் குழந்தை சிரிக்கிறது. அழகிய படம்தான். அதைக்கொண்டு எங்களால் எதையும் முடிவு செய்ய இயலாது.

பாராசிட்டமால் மருந்துக்குக் குறைந்தது நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். நான்கு மணிக்குக் காப்பகத்தில் ஒரு முறை, அதை அறியாமல் ஆறு மணிக்கு வீட்டில் மறுமுறை என்று கொடுத்துவிடுவது எளிதில் நிகழக்கூடிய பிழை. வலிப்பு வந்த குழந்தையாயின், அது ஐந்து நிமிடத்தைத் தாண்டியதா என்பதைப் பொறுத்துச் சிகிச்சையே மாறும். அப்போது அருகில் இருந்தவர் சொன்னாலன்றி அதை அறிய வேறு வழியில்லை.

இவற்றைவிடக் கடினமானது விழுந்த செய்தி. முற்பகலில் குழந்தை பெஞ்சிலிருந்து விழுகிறது. ஆயா தூக்கி அணைத்து, வீக்கத்தைத் தேய்த்துவிடுகிறார். சிறிது நேரத்தில் குழந்தை விளையாடப் போய்விடுகிறது. மாலையில் அவர் அதைச் சொல்வதில்லை. ஏனெனில், முன்பொரு நாள் ஒரு சிறு கீறலுக்காகப் பலர் முன்னிலையில் ஏச்சு வாங்கியவர் அவர். வேலை போய்விடுமோ என்னும் அச்சமும் இருக்கிறது. தலையில் அடிபட்ட குழந்தை மீண்டும் மீண்டும் வாந்தி எடுத்தாலும், எழுப்ப முடியாதபடி உறங்கினாலும் உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும். விழுந்ததே தெரியாத பெற்றோர், உண்டது ஒத்துக்கொள்ளவில்லை என்று எண்ணி விடியும்வரை காத்திருக்கக்கூடும்.

மறைத்தது பிழை, அதில் எங்களுக்கு ஐயமில்லை. ஆயினும் அப்பிழையில் பெற்றோருக்கும் பங்குண்டு என்றே கருதுகிறோம். கெட்ட செய்தியை முதன்முறை கேட்டபோது நம் முகம் எப்படி மாறியது என்பதைப் பார்த்துத்தான் இரண்டாம் முறை சொல்லலாமா என்று எதிரிலிருப்பவர் முடிவு செய்கிறார். “சொன்னதற்கு நன்றி, எத்தனை மணிக்கு விழுந்தான்?” என்று கேட்கும் தாயிடம் எந்த ஆயாவும் எதையும் மறைக்கத் துணியார். (வீட்டில் பாட்டி பார்த்துக்கொண்டாலும் இதே கதைதான், அவருக்கும் மருமகளிடம் சொல்லத் தயக்கம் உண்டு.)

50 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனங்களில் காப்பக வசதி வேண்டும் என்றும், தாய் நாளொன்றுக்கு நான்கு முறை சென்று குழந்தையைப் பார்க்கலாம் என்றும் 2017ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டத் திருத்தம் வகை செய்தது. அந்த வாய்ப்பு இல்லாத தாய்மாருக்கு வாசலில் கிடைக்கும் அந்த ஒரு நிமிடமே எல்லாம்.

அதனால் ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகத்தைக் குழந்தையின் பையில் வையுங்கள். உண்டது, உறங்கியது, சிறுநீர், மலம், மருந்து, அடி. ஒவ்வொன்றுக்கும் எதிரே நேரம் மட்டும் போதும். எழுதத் தயங்கும் ஆயா குரல் பதிவாக அனுப்பட்டும். காலையில் முதல் வரியை நீங்கள் எழுதுங்கள்: இரவு இரண்டு மணிக்கு மருந்து கொடுத்தோம், சரியாக உறங்கவில்லை என்று. அவருக்கும் அது தெரிய வேண்டுமல்லவா?

எங்களிடம் வரும்போது அந்த நோட்டையும் மறவாமல் எடுத்து வாருங்கள். பக்கத்தில் சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தாலும் பரவாயில்லை.