மணிக்கு 4 மைல்

இங்கிலாந்தில் கில்ட்ஃபோர்டிலிருந்து போன் பண்ணி, "படகுல போலாமாடா?" என்று அவன் கேட்டபோது எனக்குப் பேச்சே வரவில்லை. ஒரு கைமாற்று விவகாரத்தில் 6 வருஷமாக நாங்கள் பேசுவதில்லை. (கொடுத்தது நான். அவனைக் கேட்டால் மாற்றிச் சொல்வான்.)

'நேரோபோட்' என்று அங்கே ஒரு சமாசாரம். நீளம் 70 அடி வரை போகும். அகலம் மட்டும் 7 அடிக்குச் சற்றுக் குறைவு. ஒரு காலத்தில் குதிரை இழுக்க, நிலக்கரி ஏற்றிப் போனது. இப்போது கட்டில், அடுப்பு, டாய்லெட் சகிதம் வாடகைக்கு விடுகிறார்கள். ஓட்ட லைசென்ஸ் வேண்டாம். சுக்கான் பிடியை இடப்பக்கம் தள்ளினால் படகு வலப்பக்கம் போகும். எங்கள் ஆபீஸ் ஃபைல்கள் மாதிரி.

ஆற்றின் பெயர் வே. 1653-ல், இங்கே ஷாஜஹான் ஆண்டபோது, திறந்த படகு வழி. காடல்மிங்கிலிருந்து தேம்ஸ் வரை மொத்தமே சுமார் 20 மைல். வேக வரம்பு மணிக்கு 4 மைல்.

"நடந்தே போயிடலாமே!" என்றாள் மனைவி.

என் கவலை வேறு. வழியில் 'லாக்' என்று மதகுக் கதவுகள். ஒருவன் படகைப் பிடிக்க, இன்னொருவன் கரையேறி, கைப்பிடி சுற்றித் தண்ணீர் விட்டு, கதவைத் தள்ளணும். "விடு", "நிறுத்து" என்றாவது பேசியாகணுமே! ராத்திரி 7 அடிக்குள் கோவித்துக்கொண்டு எங்கே போவது?

லீவ் லெட்டர் கொடுத்தாச்சு. புளிக்காய்ச்சலுக்கு லிஸ்ட் போடும்போது மறுபடி போன்.

"உனக்கு நீச்சல் தெரியுமாடா?"

"தெரியாது. உனக்கு?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"அந்தப் பணம்..." என்று இழுத்தான்.

"மூணாவது லாக்ல பேசிக்கலாம்" என்று வைத்துவிட்டேன்.