சோற்றை நிறுத்தும் முன் ஒரு நிமிடம்!



இப்போதெல்லாம் எந்தக் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தாலும், பக்கத்து இலைக்காரர் சாதத்தை ஒதுக்கி வைத்துவிட்டுக் கூட்டையும் பொரியலையும் மட்டும் சாப்பிடுவதைப் பார்க்கலாம். 'ஏன், சாதம் வேண்டாமா?' என்று கேட்டால், 'நான் பேலியோ', 'நான் கீட்டோ' என்று பதில் வருகிறது. அரிசி, கோதுமை, சர்க்கரை போன்ற மாவுச்சத்தைக் குறைத்து, முட்டை, பன்னீர், இறைச்சி, கொட்டை வகைகள், நெய் என்று சாப்பிட்டு எடையைக் குறைக்கும் முறை இது. நல்லதா, கெட்டதா என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எனக்கு நேர்ந்ததை என் சகோதரிகளிடம் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

என் ஓரகத்தி இந்த முறையில் இரண்டே மாதத்தில் 6 கிலோ குறைந்தார். சும்மா சொல்லக் கூடாது, முகமே களையாகிவிட்டது. பழைய ரவிக்கையெல்லாம் பிரித்துத் தைக்க வேண்டியதாயிற்று. 'நீயும் ஆரம்பிடி, உன் சர்க்கரையும் குறையும்' என்றார். எனக்கு வயது 47, எடை 72 கிலோ. எட்டு வருடமாகச் சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறேன். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் 'என்ன, இன்னும் கொஞ்சம் பூசின மாதிரி இருக்கே' என்று சொல்லிச் சொல்லி எனக்கும் வெறுத்துப் போயிருந்தது. ஒரு திங்கட்கிழமை ஆரம்பித்தேவிட்டேன்.

காலையில் இரண்டு முட்டை, மதியம் காய்கறியும் தயிரும், இரவு பன்னீர். சாதம், இட்லி, தோசை பக்கமே போகவில்லை. ஆனால் மாத்திரையை மட்டும் வழக்கம்போல் போட்டுக்கொண்டேன். டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவே இல்லை. 'சாப்பாட்டைக் குறைப்பதற்கெல்லாம் டாக்டரா?' என்ற நினைப்பு.

நான்காம் நாள் காலை பதினொன்றரை மணி இருக்கும். அடுப்பில் குழம்பு கொதித்துக் கொண்டிருந்தது. திடீரென்று கை கால் நடுங்கி, உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டி, கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. கரண்டியைக் கீழே போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். நல்லவேளை, அத்தை வீட்டில் இருந்தார். அவருக்கும் சர்க்கரை உண்டு. பார்த்ததும், 'ஐயோ, இது லோ சுகர்டி' என்று சொல்லி, மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து வாயில் புகட்டினார். பிறகு வீட்டிலிருக்கும் மிஷினில் பார்த்தால் 54. எழுபதுக்குக் கீழே போனாலே ஆபத்து என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். அத்தை அன்று கோயிலுக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போது நினைத்தாலும் வயிற்றைப் பிசைகிறது.

டாக்டர் திட்டுவார் என்று பயந்துகொண்டே போனேன். அவர் திட்டவில்லை. 'சாதத்தைக் குறைத்தது தப்பில்லை அம்மா. மாத்திரையைக் குறைக்காமல் சாதத்தை மட்டும் குறைத்தீர்களே, அதுதான் தப்பு' என்றார். நான் சாப்பிடும் மாத்திரை, கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும் வகையாம். உடம்புக்குள் மாவுச்சத்தே வராதபோதும் அது தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். ஊசி போட்டுக் கொள்பவர்களுக்கும் இதே ஆபத்துதான். சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றும் டாபாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரைகள் சாப்பிடுபவர்களுக்கு வேறு மாதிரி ஆபத்து. மாவுச்சத்தை அடியோடு நிறுத்தினால், ரத்தத்தில் சர்க்கரை அதிகம் ஏறாமலேயே அமிலம் சேர்ந்துவிடக்கூடும். மிஷினில் பார்த்து 'சரியாகத்தானே இருக்கிறது' என்று நாம் ஏமாந்துவிடுவோம். வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்குதல் வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்றார்.

அப்படியானால் இந்த உணவு முறையே பொய்யா? அப்படியும் நான் சொல்ல மாட்டேன். இது நேற்று முளைத்ததும் அல்ல. லண்டனைச் சேர்ந்த வில்லியம் பாண்டிங் என்பவர், ரொட்டியும் சர்க்கரையும் விட்டு இளைத்த கதையை 1863லேயே சிறு புத்தகமாகப் போட்டார். கீட்டோ உணவை 1921ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் டாக்டர் ஒருவர் வலிப்பு நோய்க்காக வகுத்தார். மருந்தாக, டாக்டர் கண்காணிப்பில் கொடுக்கப்பட்டதை நாம் பக்கத்து வீட்டில் கேட்டுவிட்டு நாமே ஆரம்பித்துவிடுகிறோம். அதுதான் கோளாறு.

முதல் வாரத்தில் 2 கிலோ குறைந்தது என்று துள்ளுகிறோமே, அதில் பெரும்பகுதி கொழுப்பு இல்லை, தண்ணீர். நம் கல்லீரலும் தசையும் மாவுச்சத்தைச் சேமித்து வைக்கும்போது, ஒவ்வொரு கிராமோடும் சுமார் 3 கிராம் தண்ணீரையும் பிடித்து வைத்துக்கொள்கின்றன. சேமிப்பு தீர்ந்ததும் அந்தத் தண்ணீரும் வெளியேறிவிடுகிறது. பழையபடி சாதம் சாப்பிட ஆரம்பித்ததும் அது திரும்பி வந்துவிடும். 'ஒரே நாளில் ஒரு கிலோ ஏறிவிட்டதே' என்று நாம் அழுவோம்.

மாவுச்சத்தைக் குறைத்தால்தான் இளைக்க முடியும் என்பதும் இல்லை. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 609 பேரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மாவுச்சத்தையும் மற்றதற்குக் கொழுப்பையும் குறைத்து ஒரு வருடம் பார்த்தார்கள். 2018ல் முடிவு வந்தது. மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் சராசரியாக 6 கிலோ, கொழுப்பைக் குறைத்தவர்கள் 5.3 கிலோ. பெரிய வித்தியாசமே இல்லை! கடைசி வரை விடாமல் செய்யக்கூடிய முறை எதுவோ, அதுதான் நமக்கு நல்ல முறை என்று எனக்குப் படுகிறது.

அதே சமயம் நம் தட்டில் சாதம் அதிகம் என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். இந்தியர்கள் சாப்பாட்டில் சுமார் 62 சதவீதச் சக்தி மாவுச்சத்திலிருந்தே வருவதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் பெரிய ஆய்வு சொல்கிறது. தானியங்களிலிருந்து கிடைப்பது 45 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம் என்று ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024ல் வழிகாட்டியது. 2,000 கலோரி சாப்பாட்டுக்கு ஒரு நாளைக்குத் தானியம் 250 கிராம், காய்கறி 400 கிராம் என்பது அவர்கள் கணக்கு. நம் வீடுகளில் சாதம் மலை மாதிரி, காய் ஒரு கரண்டி! நாம் மாற்ற வேண்டியது இதைத்தான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நாம் குண்டாவதற்குச் சாதம் மட்டுமா காரணம்? பையன் மிச்சம் வைத்த தோசை, 'வீணாகுதே' என்று வழித்துப் போட்டுக்கொள்ளும் மதியச் சாதம், நாலு மணி டீக்குத் தொட்டுக்கொள்ளும் பிஸ்கட், முறுக்கு... இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? புது உணவு முறை ஆரம்பித்ததும் இவையும் சேர்ந்து நின்றுவிடுகின்றன. அதனாலேயே பாதி எடை குறைகிறது. பெயர் மட்டும் கீட்டோவுக்கு!

ஆகவே என் கருத்து இதுதான். வேறு நோய் இல்லாதவர்கள், ரத்தப் பரிசோதனை செய்துகொண்டு, சாதத்தைப் பாதியாக்கிக் காயையும் பருப்பையும் கூட்டிக்கொள்வதில் பயமில்லை. ஆனால் சர்க்கரைக்கோ ரத்த அழுத்தத்துக்கோ மாத்திரை சாப்பிடுபவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது. கர்ப்பிணிகளுக்கும் பால் கொடுக்கும் தாய்மார்களுக்கும் கீட்டோ வேண்டவே வேண்டாம். வளரும் பெண் குழந்தைகளிடம் 'குண்டா இருக்கே, சாதத்தை நிறுத்து' என்று சொல்லாதீர்கள். நெய்யும் வெண்ணெயும் தாராளமாகச் சேர்ப்பவர்களில் சிலருக்குக் கெட்ட கொழுப்பு எக்கச்சக்கமாக ஏறிவிடுகிறது. அதையும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

என் மாத்திரையின் அளவை டாக்டர் பாதியாகக் குறைத்துக் கொடுத்தார். இப்போது மதியம் ஒரு கப் சாதம், இரண்டு கப் காய், ஒரு கப் பருப்போ சுண்டலோ சாப்பிடுகிறேன். மாலையில் அரை மணி நடை. ஆறு மாதத்தில் 4 கிலோ குறைந்திருக்கிறது. ஓரகத்தி அளவுக்கு இல்லைதான். ஆனால் எனக்கென்று தனிச் சமையல் இல்லை, பாதாமுக்கும் பன்னீருக்கும் தனிச் செலவு இல்லை. எல்லோரோடும் உட்கார்ந்து ஒரே குழம்பைச் சாப்பிடுகிறேன்.

சகோதரிகளே, இளைக்க ஆசைப்படுவது தவறில்லை. ஆனால் அடுத்தவருக்கு ஒத்துக்கொண்டது நமக்கும் ஒத்துக்கொள்ளும் என்று மட்டும் நம்பி இறங்காதீர்கள். சோற்றுப் பானையை இறக்கி வைக்கும் முன் உங்கள் மாத்திரைச் சீட்டை எடுத்துக்கொண்டு ஒரு தடவை டாக்டரைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

— ஒரு குடும்பத் தலைவி, திண்டுக்கல்.