விஞ்ஞானச் சோலை: மேக் கணிப்பொறியில் விமானம் ஓட்டலாமா?



2001 பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்ட பின், தங்கவயல் குடும்பங்கள் பல பெங்களூர் ரயிலை நம்பியே வாழ்கின்றன. அங்குப் பணிபுரியும் பிள்ளைகள் வழியே மேக் கணிப்பொறியும் சில இல்லங்களுக்கு வந்துள்ளது. அதில் விண்டோஸ் ஃபிளைட் சிமுலேட்டர், அதாவது பாவனை விமானம், ஓட்ட இளைஞர் விரும்புகின்றனர். வீண் செலவைத் தவிர்க்கச் சில செய்திகளை அறிதல் நலம்.

பாவனை விமானம் வெறும் விளையாட்டன்று. 1929இல் அமெரிக்கரான எட்வின் லிங்க் அமைத்த பயிற்சிப் பொறி, இரண்டாம் உலகப் போரில் எண்ணற்ற விமானிகளைப் பழக்கியது. 1980ஐ ஒட்டி ப்ரூஸ் ஆர்ட்விக் என்பார் இதனை ஆப்பிள் கணிப்பொறிக்கெனவே முதலில் ஆக்கினார் என்பது வியப்பிற்குரியது. 1982இல் மைக்ரோசாஃப்ட் அதனை ஐபிஎம் கணிப்பொறிக்குக் கொணர்ந்தது. ஆயினும் அந்நிறுவனம் 2020இலும் 2024இலும் வெளியிட்டவை மேக்கிற்கென ஆக்கப்படவில்லை.

இதன் காரணத்தை நாம் எளிதில் உணரலாம். இல்லத்தில் தமிழ், அண்டை வீட்டில் தெலுங்கு, அலுவலகத்தில் கன்னடம் என வாழ்பவர் நாம். கணிப்பொறிகளுக்கும் மொழி வேறுபாடு உண்டு. இடையே மொழிபெயர்ப்பாளர் நின்றால் வேலை நடக்கும். ஆனால் வேகம் குன்றும். நொடிதோறும் வானையும் நிலத்தையும் புதிதாகத் தீட்ட வேண்டிய விமானக் காட்சிக்கு அத்தாமதம் பெருந்தடையாகும்.

ஆகவே, முதலில் திரையின் இடப்புற மேல்மூலையிலுள்ள ஆப்பிள் குறியை அழுத்தி, ‘அபௌட் திஸ் மேக்’ என்பதைக் காண்க. இன்டெல் என்றிருப்பின், 2006இல் ஆப்பிள் அளித்த ‘பூட் கேம்ப்’ வசதியால் விண்டோஸையே நேராக இயக்கலாம். எனினும் 2020ஆம் ஆண்டுப் பதிப்பிற்கு 150 ஜிபி இடமும், வலிய படப்பொறியும் தேவை. 2020 நவம்பர் முதல் வந்த எம் வரிசைச் சில்லு எனில் பூட் கேம்ப் இல்லை. ‘பேரலல்ஸ்’ போன்ற மென்பொருளால் பழைய விமான விளையாட்டுகள் ஒருவாறு ஓடும். புதியவற்றை நம்பி அதற்குப் பணம் செலுத்துதல் கூடாது. தொலைவிலுள்ள கணிப்பொறியில் ஓடுவதை இணையம் வழியே காணும் ‘கிளவுட்’ முறையும் உண்டு. இணையம் விரைவாகவும் தடையின்றியும் இருந்தாலன்றி அது பயன்படாது.

இவற்றினும் எளிய வழி ஒன்றுண்டு. ‘எக்ஸ்பிளேன்’ மேக்கிலேயே நேராக இயங்குவது. வாங்குமுன் இலவசமாகச் சோதித்துப் பார்க்கலாம். 1997 முதல் தொண்டர்கள் வளர்த்துவரும் ‘ஃபிளைட்கியர்’ முற்றிலும் இலவசம். விமானம் மேலெழுதல், திரும்புதல், காற்றை எதிர்த்து இறங்குதல் முதலியவற்றைக் கற்க இவை போதும். புதுக் கணிப்பொறி வேண்டுவதில்லை.

பெற்றோர்க்கு ஒரு வார்த்தை. நம் நாட்டில் வணிக விமானி உரிமம் பெற 200 மணி நேரப் பறத்தல் அனுபவம் வேண்டும். இல்லத்துக் கணிப்பொறியில் பறந்த மணிகள் அக்கணக்கில் சேரா. உரிமத்திற்கு இதுவே வழி எனக் கூறிப் பணம் கேட்பவர் எவராயினும் நம்பற்க. ஆயினும், விமானப் பயிற்சிக்குப் பல இலட்சம் ரூபாய் செலவிடுமுன், பிள்ளையின் ஆவல் ஒரு திங்கள் நிலைக்கிறதா, ஓராண்டு நிலைக்கிறதா எனக் காண இஃது உதவும். நாள்தோறும் அரை மணி பழகட்டும். எஞ்சிய பொழுது கணிதத்திற்கும் பௌதிகத்திற்கும் ஆகுக. மண்ணின் ஆழத்தில் உழைத்தோரின் பேரப்பிள்ளைகள் வானில் உயர்க!