எழுத்துத் தரம் மட்டும் போதுமா?

அமெரிக்காவின் லூசியானா மாகாணத்திலுள்ள நியூ ஆர்லியன்ஸ் நகரில், வீட்டுக்கு அருகிலுள்ள பள்ளியில் குழந்தைக்கு இடம் உறுதி என்ற நிலை இல்லை. பெற்றோர் நகரெங்கும் உள்ள சார்ட்டர் பள்ளிகளை ஒப்பிட்டு, விருப்ப வரிசைப்படி விண்ணப்பிக்க வேண்டும். ஆக, பள்ளிகளை எப்படி ஒப்பிடுவது என்பது அங்கு ஒவ்வொரு குடும்பத்தின் கவலையாகவும் இருக்கிறது.

சார்ட்டர் பள்ளி என்பது அரசு நிதியில், கட்டணமின்றி, தனி நிர்வாகக் குழு ஒப்பந்த அடிப்படையில் நடத்தும் பள்ளி. பாடமுறையிலும் ஆசிரியர் நியமனத்திலும் அதற்குச் சுதந்திரம் உண்டு. உரிய பலனைக் காட்டத் தவறினால் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது. இதற்கான முதல் சட்டத்தை மின்னசோட்டா மாகாணம் 1991-இல் இயற்றியது.

2005-இல் கத்ரீனா சூறாவளி நியூ ஆர்லியன்ஸை மூழ்கடித்த பின்னர், நகரின் பெரும்பாலான பள்ளிகளை மாகாண அரசு தன்வசப்படுத்தியது. ஆசிரியர்கள் உள்பட 7,000-க்கும் மேற்பட்ட பள்ளி ஊழியர்கள் பணிநீக்கம் செய்யப்பட்டனர். 2019-இல் நகரின் அரசு நிதிப் பள்ளிகள் அனைத்தும் சார்ட்டர் பள்ளிகளாகிவிட்டன. தேர்வு மதிப்பெண்களும் பட்டம் பெறுவோர் விகிதமும் உயர்ந்ததை துலேன் பல்கலைக்கழக ஆய்வுகள் பதிவு செய்துள்ளன. இந்த முன்னேற்றத்தை மறுப்பதற்கில்லை.

ஆனால், ஒரு பள்ளியை இன்னொன்றுடன் ஒப்பிடும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. மாகாண அரசு ஒவ்வொரு பள்ளிக்கும் 'ஏ' முதல் 'எஃப்' வரை எழுத்துத் தரம் வழங்குகிறது. நுழைவுத் தகுதி பார்த்து மாணவர்களைச் சேர்க்கும் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் உயர்நிலைப் பள்ளியையும், வருவோர் அனைவரையும் ஏற்கும் பள்ளியையும் ஒரே எழுத்தால் அளப்பது எப்படி நியாயமாகும்? அந்த எழுத்து பள்ளி கற்பித்ததைக் காட்டிலும், மாணவர் வீட்டிலிருந்து கொண்டுவந்ததையே அதிகம் சொல்லக்கூடும்.

ஏட்டில் உள்ளதும் எப்போதும் உண்மையாவதில்லை. 2019-இல் ஜான் எஃப். கென்னடி உயர்நிலைப் பள்ளியில், பட்டமளிப்பு விழா முடிந்த பிறகு, இறுதி வகுப்பு மாணவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் பட்டம் பெறத் தகுதி பெறவில்லை என்பது தெரியவந்தது. சிறப்புக் கவனம் தேவைப்படும் குழந்தைகள் புறக்கணிக்கப்படுவதாக 2010-இல் தொடரப்பட்ட வழக்கு, 2015-இல் சுயேச்சைக் கண்காணிப்பு ஏற்பாட்டுடன் தீர்வு கண்டது.

நியாயமாக ஒப்பிட வழி இல்லாமலில்லை. பாஸ்டன் நகரில் விண்ணப்பங்கள் மிகும் சார்ட்டர் பள்ளிகளில் குலுக்கல் முறையில் இடம் கிடைத்தோரையும் கிடைக்காதோரையும் ஆய்வாளர்கள் ஒப்பிட்டனர். விண்ணப்பித்த குடும்பங்களின் ஆர்வம் இரு தரப்பிலும் ஒன்றே என்பதால், எஞ்சும் வேறுபாடு பள்ளியின் பங்களிப்பு. அங்கு இடம் கிடைத்தோர் கணிசமாக முன்னேறியிருந்தனர். எல்லாப் பள்ளிகளிலும் குலுக்கல் நடப்பதில்லை. அங்கே மாணவரின் ஆண்டு வளர்ச்சியை அளப்பதே அடுத்த நல்ல வழி.

நியூ ஆர்லியன்ஸ் கல்வி நிர்வாகம் 2024-இல் மீண்டும் தானே நேரடியாக ஒரு பள்ளியைத் தொடங்கியது. சந்தைக்கு விட்டுவிட்டால் போதும் என்ற நம்பிக்கை அங்கேயே தளர்ந்திருக்கிறது. தரம் குறைந்த பள்ளி மூடப்படும்போது நிர்வாகக் குழு விலகிவிடும். புதிய பள்ளி தேடி அலைவது ஏழைக் குழந்தை. எனவே, எத்தனை பேர் தேர்ச்சி பெற்றனர் என்பதுடன், யாரைச் சேர்த்தார்கள், யார் இடையில் வெளியேறினார்கள் என்பதையும் ஒவ்வொரு பள்ளியும் வெளியிட வேண்டும். அந்த விவரம் இல்லாத தெரிவுரிமை, பெற்றோர் மீது சுமத்தப்படும் பொறுப்பாகவே முடியும்.